அருள்: மன்னார்குடி வட்டாரத்தில் ஒரு சொல்லின் வரலாறு

அருள் என்பது உறவையும் கைம்மாறையும் கருதாமல் பிற உயிர்கள்மேல் செல்லும் இரக்கம். தெய்வம் அடியவருக்குச் செய்யும் நன்மையும் அருள்தான். சைவ சித்தாந்தத்தில் அது சிவனுடைய சக்தி. கல்வெட்டிலும் கோயில் வழக்கிலும் எழுந்தருளினார், கொடுத்தருளினார் என்று வினையோடு ஒட்டி வருவதும் அதே சொல். ஊர்ப்புறத்தில் சாமியாடியின்மேல் இறங்கும் வேகத்துக்கும் அதே பெயர். கத்தோலிக்கர் வழிபாட்டிலும், இசுலாமியர் இறைப்பெயர்களுக்குச் சொல்லும் தமிழிலும் இன்று அந்தச் சொல் ஒலிக்கிறது.

இத்தனை பொருளும் ஒரே வட்டாரத்தில் புழங்குவதைப் பார்க்க மன்னார்குடி ஏற்ற இடம். திருவாரூர் மாவட்டத்தில் பாமணியாற்றை ஒட்டிய இந்த ஊரில் ராஜகோபாலசுவாமி கோயில் இருக்கிறது, ஜெயங்கொண்டநாதர் கோயில் இருக்கிறது, சமணரின் மல்லிநாதர் ஜினாலயம் இருக்கிறது, வெஸ்லியன் மிஷன் வளர்த்த பின்லே பள்ளி இருக்கிறது. பக்கத்திலேயே கூத்தாநல்லூர்ப் பள்ளிவாசல்கள். தெற்கே போனால் முத்துப்பேட்டை தர்கா. சுற்றிலும் நெல்வயல். அருளைக் கொடுப்பவர் யார், பெறுபவர் யார், பெறுவதற்குத் தகுதி வேண்டுமா என்ற கேள்விகள் இங்கே கோயில் மண்டபத்தில் எழுந்தது போலவே களத்துமேட்டிலும் எழுந்தன. இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் இந்தச் சொல்லின் வரலாற்றை எழுத முடியாது.

சங்கப் பாடல்களில்

சங்க இலக்கியத்தில் அருள் பெரும்பாலும் மனிதர்கள் ஒருவருக்கொருவர் காட்டுவது. குறுந்தொகையின் 20ஆம் பாட்டைப் பாடியவர் கோப்பெருஞ்சோழன். பொருள் தேடப் புறப்பட்ட தலைவனைப் பற்றித் தலைவி பேசும் பாட்டு அது. அருளையும் அன்பையும் நீக்கிவிட்டுத் துணையைப் பிரிந்து போவதுதான் அறிவென்றால் அந்த அறிவு அவருக்கே இருக்கட்டும், நாங்கள் அறிவில்லாதவர்களாகவே இருந்துவிட்டுப் போகிறோம் என்கிறாள். புறநானூற்றின் 5ஆம் பாட்டில் நரிவெரூஉத்தலையார் என்ற புலவர் சேர அரசன் ஒருவனிடம் பேசுகிறார். அருளையும் அன்பையும் நீக்கி நரகத்துக்குப் போகிறவர்களோடு சேராதே, குழந்தையை வளர்ப்பவரைப் போல நாட்டைக் காப்பாற்று என்பது அவர் சொன்ன அறிவுரை. இரண்டு பாட்டிலும் ஏறக்குறைய ஒரே சொற்றொடர். ஒன்று வீட்டைவிட்டுப் போகிற கணவனைச் சுடுகிறது. மற்றொன்று அரியணையில் இருப்பவனை எச்சரிக்கிறது. அக்காலத்தில் அருளுக்கு மிக நெருக்கமாக நின்ற இன்னொரு சொல் அளி. அரசனுடைய வெண்குடை நிழல் தருகிறது என்று சொன்னால் அது அளியைக் குறித்தது.

தெய்வத்திடம் அருள் கேட்பது பரிபாடலில் தெளிவாகத் தெரிகிறது. முருகனைப் பாடும் 5ஆம் பாட்டில் கடுவன் இளவெயினனார் பொருளும் பொன்னும் போகமும் வேண்டாமென்று ஒதுக்கிவிட்டு, அருள், அன்பு, அறம் என்ற மூன்றையும் கேட்கிறார். பின்னால் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழில் வந்த பக்திப் பாடல்களின் வேண்டுதல் முழுவதற்கும் இது முன்னோடி.

வள்ளுவர் வகுத்த இடம்

அருளுக்கு இலக்கணம் வகுத்தவர் வள்ளுவர். அன்புடைமையை இல்லறவியலில் 8ஆம் அதிகாரமாகவும், அருளுடைமையைத் துறவறவியலின் தொடக்கத்தில் 25ஆம் அதிகாரமாகவும் வைத்தார். இந்தப் பிரிவுக்குப் பரிமேலழகர் தந்த விளக்கம் இன்றளவும் நிற்கிறது: அன்பு தொடர்புடையவர்மேல் செல்வது, அருள் தொடர்பு பார்க்காமல் எல்லா உயிர்மேலும் செல்வது. அருளுடைமைக்கு அடுத்த அதிகாரம் புலால் மறுத்தல். எல்லா உயிர் என்று சொன்னதை வள்ளுவர் எவ்வளவு தூரம் கொண்டுபோனார் என்பதற்கு அந்த வரிசையே சான்று.

பொருளைப் பற்றிப் பேசும் 757ஆம் குறளில் அருளின் பிறப்பு சொல்லப்படுகிறது. அன்பு பெற்ற குழந்தை அருள். அதை வளர்க்கும் செவிலித்தாய் செல்வம். துறவிக்குரிய குணம் என்று எடுத்துக்கொண்ட ஒன்றை வளர்க்கக் காசு வேண்டும் என்று சொல்ல வள்ளுவர் தயங்கவில்லை. பசித்தவனுக்குச் சோறிட நெல் வேண்டும் என்பது காவிரிப் படுகையில் யாருக்கும் விளக்க வேண்டாத செய்தி.

அதிகாரத்தின் கடைசிக் குறளான 250ஆம் குறளை இந்த வட்டாரத்துக்காகவே எழுதியதாக நான் படிக்கிறேன். உன்னைவிட மெலிந்தவன்மேல் நீ பாயும்போது, உன்னைவிட வலியவன்முன் நீ எப்படி நிற்பாய் என்று நினைத்துப்பார் என்கிறது அது. ஒன்பது குறள்களில் அருளின் உயர்வையும் அது இல்லாதவரின் இழிவையும் பேசிவந்த அதிகாரம் இங்கே வந்து நிற்கிறது. அருளின் முதல் சோதனை எளியவனிடம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதுதான் என்று இதைவிடக் கூர்மையாகத் தமிழில் யாரும் சொல்லவில்லை.

அமுதசுரபியும் ஜினாலயமும்

பௌத்தமும் சமணமும் காவிரி நாட்டில் நெடுங்காலம் வேரூன்றி இருந்தன. பௌத்தக் காப்பியமான மணிமேகலையின் நடுவில் இருப்பது காவிரிப்பூம்பட்டினத்துப் பசி. அமுதசுரபி என்ற அள்ளக் குறையாத பாத்திரத்தோடு மணிமேகலை அங்கே காணார், கேளார், நடக்க முடியாதார் எல்லோருக்கும் சோறிடுகிறாள். அருளுக்கு இங்கே வேறு விளக்கம் தேவையில்லை, சோறுதான் விளக்கம். நாகப்பட்டினத்தில் முதலாம் ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசர் எழுப்பிய சூடாமணி விகாரமும், அந்த ஊர் மண்ணிலிருந்து கிடைத்த புத்தர் செப்புத் திருமேனிகளும் அந்த மரபு பல நூற்றாண்டுகள் வாழ்ந்ததைக் காட்டுகின்றன.

பௌத்தம் இங்கே மறைந்துவிட்டது, சமணம் மறையவில்லை. மன்னார்குடியில் மல்லிநாதர் கோயிலும், திருவாரூர் மாவட்டத்திலேயே தீபங்குடியில் ஆதிநாதர் கோயிலும் இன்றும் வழிபாட்டில் உள்ளன. சமணத்தில் அருள் மேலிருந்து இறங்கி வருவதில்லை. தீர்த்தங்கரர் வரம் தருபவர் அல்லர், வழி காட்டியவர். உயிர்க்கொலை தவிர்த்து வாழ்வதே அங்கே அருள்.

திருவருள்

ஏழாம் நூற்றாண்டு முதல் நாயன்மார்களும் ஆழ்வார்களும் காவிரிக்கரைக் கோயில்களை ஊர் ஊராகப் பாடியபோது சொல்லின் திசை மாறியது. மனிதன் மனிதனுக்குச் செய்வது பின்னுக்குப் போக, இறைவன் மனிதனுக்குச் செய்வது முன்னுக்கு வந்தது. வெறும் அருள் திருவருள் ஆயிற்று. இறைவனை வணங்குவதற்குக்கூட அவன் அருள் வேண்டும் என்று மாணிக்கவாசகர் சொன்னார். மயக்கம் தீர்ந்த அறிவைத் தந்தது அவன் அருள் என்று நம்மாழ்வார் திருவாய்மொழியைத் தொடங்கினார். பெரியபுராணம் செய்த சேக்கிழாரின் இயற்பெயர் அருண்மொழித்தேவர்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டாரின் சிவஞானபோதத்தோடு சைவ சித்தாந்தம் சாத்திர வடிவம் பெற்றபோது அருள் ஒரு கலைச்சொல் ஆனது. மெய்கண்டாரின் மாணவர் பெயரே அருணந்தி சிவாசாரியார். அந்த வழியில் வந்த உமாபதி சிவாசாரியார் பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய திருவருட்பயன், குறள் யாப்பில் பத்துப் பத்தாகப் பிரித்த நூறு பாடல்களைக் கொண்ட நூல். திருவருள் ஒன்றை மட்டுமே பொருளாகக் கொண்டு தமிழில் எழுந்த தத்துவ நூல்களில் இதற்கு இணை இல்லை.

சித்தாந்தம் சொன்னவற்றுள் மிகத் துணிச்சலானது மறைப்பைப் பற்றியது. இறைவனின் ஐந்தொழில் படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல். உயிரிடமிருந்து தன்னை மறைத்துக்கொண்டு, உலக இன்ப துன்பங்களில் அதை உழலவிடும் மறைத்தலும் அருளின் ஒரு முகமே என்கிறது சித்தாந்தம். வினைப்பயன் இரண்டிலும் மனம் சமநிலை பெற்று, மலம் பக்குவப்பட்ட நேரத்தில் சத்திநிபாதம், அதாவது அருள் பதிதல் நிகழ்கிறது. மனவாசகங்கடந்தார் எழுதிய உண்மை விளக்கம் நடராசர் திருமேனியில் இதைக் காட்டுகிறது: ஊன்றிய திருவடி மறைத்தல், தூக்கிய திருவடி அருள். நடராசர் படத்தைப் பூசையறையில் வைத்திருக்கும் குடும்பங்களில் பலரும் அந்தத் தூக்கிய காலை ஆட்டத்தின் அழகாகவே பார்க்கிறார்கள். அது ஒரு வாக்குறுதி என்று தெரிந்து பார்த்தால் பார்வையே மாறிவிடும்.

ராஜகோபாலன் ஊரில்

வைணவத்தில் கேள்வி வேறு வடிவில் வந்தது. அருளைப் பெற மனிதன் ஏதாவது செய்ய வேண்டுமா? இதற்கு இரண்டு உவமைகள் சொல்வார்கள்: குரங்குக்குட்டி தாயைத் தானே இறுகப் பற்றிக்கொள்கிறது; பூனைக்குட்டியைத் தாயே கவ்விக்கொண்டு போகிறது. காஞ்சித் தூப்புலில் 1268இல் பிறந்த வேதாந்த தேசிகர் வழியினர், குரங்குக்குட்டியைப் போல, அருளுக்கு மனிதன் பக்கமிருந்து சிறியதாவது ஒரு காரணம், ஒரு வியாஜம் வேண்டும் என்றனர். பிள்ளை லோகாசாரியரும், 1370இல் பிறந்த மணவாள மாமுனிகளும் வகுத்த வழியில் வந்தவர்கள், பூனைக்குட்டிக்கு நேர்வதைப் போல, காரணமே இல்லாமல் பொழிவதுதான் கிருபை என்றனர். வடகலை, தென்கலை என்ற பிரிவின் வேர்களில் இந்தக் கேள்வியும் ஒன்று. தேசிகரை வெறும் விதி பேசியவராகக் காட்டுவது அநியாயம். திருவேங்கடமுடையானின் தயையையே ஒரு தேவியாக உருவகித்து அவர் பாடிய தயா சதகம் ஒன்று போதும், அவர் நெஞ்சு எங்கே இருந்தது என்று காட்ட. ஜெர்மன் சமய அறிஞர் ருடால்ஃப் ஓட்டோ 1930இல் இந்திய அருள் நெறியையும் கிறித்தவத்தையும் ஒப்பிட்டு ஒரு நூலே எழுதினார்.

மன்னார்குடி ராஜகோபாலசுவாமி கோயில் முதலாம் குலோத்துங்க சோழன் காலத்தில் எழுந்து, பதினேழாம் நூற்றாண்டில் தஞ்சை நாயக்கர்களில் கடைசியாக ஆண்ட விஜயராகவ நாயக்கரால் பெரிதாக விரிந்தது. மன்னாரு தாசன் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட அரசர் அவர். தெட்சிண துவாரகை என்று பெயர் பெற்ற இந்தக் கோயில் 108 திவ்ய தேசங்களில் ஒன்றல்ல, அபிமான தலம். தலபுராணப்படி கோபிலர், கோபிரளயர் என்ற இரண்டு முனிவர்கள் துவாரகைக்குப் புறப்பட்டு, அவதாரம் முடிந்துவிட்டதென்று வழியில் கேட்டு மனம் உடைந்தார்கள். அவர்களுக்காகக் கண்ணன் 32 லீலைகளையும் இங்கேயே காட்டினான். காலம் தாழ்த்தி வந்தவனுக்கும் கதவு மூடவில்லை என்பது அந்தக் கதையின் உள்ளீடு.

பங்குனிப் பெருவிழா 18 நாள். விழாப் பத்திரிகையில் நாள்தோறும் பெருமாள் ஒரு வாகனத்தில் எழுந்தருளுவார், திருமஞ்சனம் கண்டருளுவார், சேவை சாதித்தருளுவார். வெண்ணெய்த்தாழி நாளில் அவர் தவழும் கண்ணனாக, கையில் வெண்ணெய்க் குடத்தோடு பல்லக்கில் வருகிறார். வீதியில் நிற்பவர்கள் வெண்ணெய் வாங்கி அவர்மேல் எறிகிறார்கள். கொடுப்பவர் கடவுள், வாங்குபவர் மனிதர் என்ற ஒழுங்கு அந்த ஒரு காலைப்பொழுதில் தலைகீழாகிறது. அருளைப் பற்றிய எந்த நூலும் இந்த அளவு சுலபமாக ஊராருக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததில்லை என்பது என் எண்ணம்.

அரசன் அருளியது

கல்வெட்டுத் தமிழில் இச்சொல் ஆட்சியின் மொழியும்கூட. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் செப்புத் திருமேனிகள் எழுந்தருளுவிக்கப்படுகின்றன. அரசன் வாயிலிருந்து வந்த ஆணையும் அருளிய ஆணையாகவே பொறிக்கப்படுகிறது. தெய்வத்துக்கும் வேந்தனுக்கும் ஒரே வினை. வைணவர்கள் ஆழ்வார் பாசுரங்களை அருளிச்செயல் என்பார்கள். சைவ ஆதீனங்களில் குருமகாசந்நிதானம் அருளாட்சி செய்வார், அருளாணை வழங்குவார். இன்று அறநிலையத் துறைக் கோயில்களின் பெயர்ப்பலகையில் ஸ்ரீ என்ற எழுத்துக்குப் பதிலாக அருள்மிகு என்று இருப்பது, இருபதாம் நூற்றாண்டுத் தமிழ் இயக்கங்கள் விட்டுச்சென்ற அடையாளம்.

இந்த மொழிவழக்கில் ஓர் ஆபத்தும் இருந்தது. மேலே இருப்பவர் செய்வதெல்லாம் அருள் என்று சொல்லப் பழகிய நாக்கு, கீழே இருப்பவனுக்கு நியாயமாகச் சேர வேண்டியதையும் அருள் என்றே சொல்லிவிடும்.

சாமி வரும்போது

கோயில் பத்திரிகை மொழியிலிருந்து ஊர்க்கோடி ஐயனார், வீரனார், காளி, மாரி கோயில்களுக்குப் போனால் அருள் வேறு ஓர் உருவத்தில் நிற்கிறது. உடுக்கையும் பம்பையும் ஏறும்போது சாமியாடிக்கு அருள் வரும். அருள்வாக்கு சொல்வார். முடிந்ததும் சாமி மலையேறிவிட்டது என்பார்கள். இந்நிலை சங்க காலத்திலேயே உண்டு. வேலன் ஆடிய வெறியாட்டு அதுதான். அப்போது அதைக் குறித்த சொற்கள் அணங்கும் வெறியும். அருள் என்ற பெயர் பிறகு வந்து சேர்ந்தது. மருள் என்றும் இதைச் சொல்வதுண்டு. ஆடுபவர் மருளாளி. சித்தாந்த நூல்களில் மருள் என்றால் அறியாமை, அருளுக்கு நேர் எதிர். ஊர்மக்களுக்கு அந்தப் பகை இல்லை.

இங்கே அருள் படித்தவர் வழியாகவோ பரம்பரை அர்ச்சகர் வழியாகவோ மட்டும் வருவதில்லை. களை பறிக்கும் பெண்மேலும் இறங்கும். மற்ற நாளில் தெருவில் குரல் உயர்த்தாதவள், அருள் வந்த நேரத்தில் ஊர்ப் பெரியவர்களை ஒருமையில் அழைத்துக் கேள்வி கேட்பாள். அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். மன்னார்குடிக்கு வடக்கே வலங்கைமான் மாரியம்மன் கோயிலில், சாகக் கிடந்து பிழைத்தவர்கள் பங்குனியில் பாடையில் படுத்து வலம் வரும் பாடைக்காவடி எடுக்கிறார்கள். பெற்ற உயிருக்கு நன்றி சொல்ல இறந்தவரைப் போலவே படுத்து வருவது, அம்மன் அருளைப் பற்றி இந்த மக்கள் எவ்வளவு தீவிரமாக நினைக்கிறார்கள் என்று காட்டும் வழிபாடு.

பேச்சில் இன்னொரு பொருளும் உண்டு. முகத்தில் அருள் இருக்கிறது, தெய்வக்களை சொட்டுகிறது என்பார்கள். இதமான உள்ளம் முகத்தில் தெரிவதைச் சொல்வது அது. வெறும் எழிலையோ நளினத்தையோ அப்படிச் சொல்வதில்லை.

கிருபையும் ரஹ்மத்தும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெஸ்லியன் மெதடிஸ்ட் மிஷன் மன்னார்குடியில் பள்ளி நடத்தியது; அது கல்லூரியாகவும் இயங்கி பின்லே என்ற பெயரில் அறியப்பட்டது. மெதடிஸ்ட் சபையின் நிறுவனர் ஜான் வெஸ்லி, 1739இல் அச்சான தன் புகழ்பெற்ற பிரசங்கம் ஒன்றில், கடவுளின் கிருபை சிலருக்கு மட்டும் முன்குறிக்கப்பட்டதன்று, எல்லோருக்கும் இலவசமானது என்று வாதிட்டவர். மனிதன் கடவுளைத் தேடுவதற்கு முன்பே கிருபை அவனிடம் வேலை தொடங்கிவிடுகிறது, ஆனால் அதை ஏற்கவும் மறுக்கவும் மனிதனால் முடியும் என்பது அவர் கொள்கை. தேசிகர் வழியும் மணவாள மாமுனிகள் வழியும் வாதிட்ட கேள்வியை வேறு நாட்டில், வேறு வேதத்தை வைத்துக்கொண்டு கேட்டவர்கள் இந்த ஊருக்கே வந்து பள்ளி நடத்தினார்கள். இந்தச் சேர்க்கையைப் பற்றி மன்னார்குடிக்காரர்கள் இன்னும் அதிகம் பேச வேண்டும். தென்னிந்தியாவில் இந்த மிஷன் வழிவந்த சபைகள் 1947இல் தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தன.

சீர்திருத்தச் சபையினர் கிருபை என்ற சொல்லையே வைத்துக்கொண்டார்கள். கத்தோலிக்கர் பழைய ஞானோபதேசத்தில் தேவ இஷ்டப்பிரசாதம் என்றார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு வழிபாட்டு மொழி தமிழானபோது அருள் உள்ளே வந்தது. சுவாமியார் அருட்தந்தையானார், கன்னியர் அருட்சகோதரி ஆனார்கள், தேவதிரவிய அனுமானங்கள் அருட்சாதனங்கள் ஆயின. வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களின் செபத்தில் இன்று கேட்பது சைவரும் வைணவரும் புழங்கிய அதே சொல்.

தமிழ் முஸ்லிம்கள் ரஹ்மான், ரஹீம் என்ற இரண்டு இறைப்பெயர்களுக்கு அருளாளன், அன்புடையோன் என்று தமிழ் சொல்லி வந்திருக்கிறார்கள். குறுந்தொகைத் தலைவியும் நரிவெரூஉத்தலையாரும் சேர்த்துச் சொன்ன அதே இணை. யாரும் திட்டமிட்டுச் செய்ததாகத் தெரியவில்லை. தமிழில் அருளை நினைத்தால் அன்பும் கூடவே வருகிறது. கூத்தாநல்லூரிலும் முத்துப்பேட்டையிலும் ரஹ்மத் என்பதும் பரக்கத் என்பதும் அன்றாடப் பேச்சு.

ஆட்பெயர்களில் இந்த வரலாறு முழுவதும் தெரியும். அருள்மொழி, கருணாகரன், தயாளன், கிருபாகரன், வரப்பிரசாதம், அருள்மேரி, கிரேஸ், ரஹ்மத்துல்லா ஆகிய எல்லாப் பெயரும் ஒரே வேண்டுதலின் பிள்ளைகள்.

வள்ளலார்

மீண்டும் மனிதன்மேல் பொறுப்பை வைத்தவர் இராமலிங்க வள்ளலார் (1823–1874). 1867இல் அவர் பாடல்கள் திருவருட்பா என்ற பெயரில் வெளிவந்தன. தேவார திருவாசகங்களுக்கே உரிய பெயரை வாழும் ஒருவரின் பாடலுக்கு வைப்பதா என்று ஆறுமுக நாவலர் எதிர்த்தார். அருட்பா எது, மருட்பா எது என்ற பூசல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது. நாவலரின் புலமையில் எனக்கு மதிப்பு உண்டு. ஆனாலும் அதே 1867இல் வடலூரில் வள்ளலார் ஏற்றிய அடுப்பு அணையாமல் எரிந்துவருகிறது; அந்தப் பூசலுக்கு அதுவே விடை. சாதி கேட்காமல் சோறு போடுவதை அவர் சீவகாருணியம் என்றார். இறைவனை அருட்பெருஞ்ஜோதி என்று அழைத்தார். மணிமேகலையின் பாத்திரமும் வள்ளுவரின் 25ஆம் அதிகாரமும் அங்கே ஒன்றுசேர்ந்தன.

கச்சேரியிலும் காகிதத்திலும்

அரசு அலுவலகம் அருள் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளவில்லை, கருணையை எடுத்துக்கொண்டது. கருணைத் தொகை, கருணை அடிப்படையில் வேலை, கருணை மதிப்பெண், கருணை மனு. கடைசியாகச் சொன்னதைக் குடியரசுத் தலைவரும் ஆளுநரும் அரசியல் சட்டத்தின் 72, 161ஆம் பிரிவுகளின்படி பரிசீலிக்கிறார்கள். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் மூவரின் கருணை மனு ஆண்டுக்கணக்கில் கிடப்பில் கிடந்ததைக் காரணமாகக் காட்டி, உச்ச நீதிமன்றம் 2014இல் அவர்களின் தூக்குத் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. கருணையைத் தாமதிப்பதும் ஒரு தண்டனை என்று அங்கே சட்டம் ஒப்புக்கொண்டது.

நந்தனும் நாற்பது வேலியும்

காவிரிப் படுகையில் அருளின் வரலாறு நிலத்தோடு மோதும் இடம் நந்தன் கதை. பெரியபுராணத்தில் ஆதனூர்த் திருநாளைப்போவார், அதாவது நந்தன், திருப்புன்கூருக்குப் போகிறார். கோயிலுக்குள் போக முடியாமல் தெருவில் நின்ற அவர் பார்க்கும்படி சிவன் நந்தியை விலகச் சொல்கிறார். தில்லையில் தீயில் இறங்கித்தான் உள்ளே போக முடிகிறது. நரிமணத்தில் பிறந்த கோபாலகிருஷ்ண பாரதி, 1861இல் அச்சான நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில், சேக்கிழாரிடம் இல்லாத ஒருவரைக் கொண்டுவந்தார்: பண்ணையார் வேதியர். சிதம்பரம் போக உத்தரவு கேட்கும் பண்ணையாளிடம், நாற்பது வேலி நிலத்தின் பயிர்வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார் அவர். இறையருளால் ஒரே இரவில் விளைந்துவிடுகிறது. வேதியர் நந்தன் காலில் விழுகிறார்.

இந்தக் கதையைக் காலட்சேபமாகக் கேட்டுத் தஞ்சை நாட்டில் அழாதவர் குறைவு. அந்த அழுகை பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நாற்பது வேலி என்றால் இருநூற்று அறுபது ஏக்கருக்கும் மேல். கதைக்கு வெளியே அந்த நிலத்தை உழுது, நாற்று நட்டு, அறுத்து, அடித்து, களத்தில் கூலி அளக்கக் காத்து நின்றவனுக்கு நந்தி விலகவில்லை. சவுக்கடியும், சாணியைக் கரைத்துக் குடிக்கவைக்கும் சாணிப்பாலும் அவனுக்குரிய தண்டனைகளாக இருந்தன. அவன் வாங்கிய கூலிக்கு ஆண்டையின் தயவு என்று பெயர். வள்ளுவர் எல்லா உயிர்க்கும் உரியதாக்கிய சொல், வரப்பில் வந்து நின்றபோது ஒருவன் விரும்பினால் கொடுக்கும், விரும்பாவிட்டால் நிறுத்தும் சலுகையாகச் சுருங்கியிருந்தது. கோயில்களுக்குள்ளும் அவனுக்கு இடமில்லை. 1939 முதல் வந்த ஆலயப் பிரவேசச் சட்டங்களும், முழுமையாக 1947ஆம் ஆண்டுச் சட்டமும்தான் அருள்மிகு சந்நிதிகளின் வாசலை அவனுக்கு உரிமையாகத் திறந்தன.

மாற்றம் மன்னார்குடிப் பக்கத்திலிருந்தே வந்தது. 1943இல் தென்பரையில் விவசாயிகள் சங்கம் தொடங்கியது. கன்னடம் பேசும் குடும்பத்திலிருந்து வந்து தஞ்சைச் சேரிகளில் தங்கி வேலைசெய்த பி. சீனிவாசராவ் பண்ணையாட்களைத் திரட்டினார். களப்பாலில் நடந்த போராட்டத்தைத் தொடர்ந்து 1944இல் மிராசுதார்களுக்கும் சங்கத்துக்கும் இடையே மன்னார்குடி ஒப்பந்தம் ஏற்பட்டது. சவுக்கடியும் சாணிப்பாலும் கூடாது என்று அதில் எழுதப்பட்டது. ராஜாஜி முதல்வராக இருந்த 1952இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று கூலி கேட்ட குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசையில் எரித்துக் கொல்லப்பட்டார்கள். இதையடுத்து விவசாயத் தொழிலாளர் நிலையை ஆராயக் கணபதியா பிள்ளை ஆணையம் அமைந்தது. 1969இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் நிறைவேறியது; ஆண்டையின் தயவாக இருந்த கூலி சட்டப்படி உரிமை ஆயிற்று.

மன்னார்குடிக்கு வருகிறவர்கள் ராஜகோபாலனையும் பதினாறு கால் மண்டபத்தையும் ஹரித்திராநதித் தெப்பக்குளத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அவசியம் பாருங்கள், அதோடு மல்லிநாதர் கோயிலையும் பார்த்து, களப்பாலுக்கும் தென்பரைக்கும் ஒருமுறை போய்வாருங்கள். பள்ளிப் பாடநூல்களில் 25ஆம் அதிகாரத்தின் கடைசிக் குறளுக்குப் பக்கத்தில் 1944ஆம் ஆண்டு ஒப்பந்தத்தையும் சேர்க்க வேண்டும்.